சமாதான அலுவலரும் இரவல் களிசானும்

இன்று காணி வழக்குக்காக நீதிமன்றம் போயிருந்தேன். வாசல் காவலாளி காசிம் நானா என்றுமில்லாத மிடுக்கோடு நின்றார்.

"என்ன நானா, இண்டைக்கு ஒரு எடுப்பு?"

"கேள்விப்படல்லையா? எங்களுக்கும் சமாதான அலுவலர் அதிகாரம் தரப்போறாங்களாம். பொலிஸ் மாதிரி நாங்களும் ஆளைக் கைது செய்யலாம்."

"முதல்ல ஆரைப் பிடிப்பீங்கள்?"

யோசிக்கவே இல்லை. "என்ட களிசானைக் கொண்டுபோனவன!"

முழங்கால் தெரியும் கட்டைக் களிசானோடு வந்தால் நீதிமன்றத்துக்குள் விடமாட்டார்கள். மீன்பிடி வள்ளத்திலிருந்து நேரே வந்துவிடும் ஆட்களுக்காக, நானா தன் பழைய நீளக் களிசான் ஒன்றைக் காவலறையில் வைத்திருந்து இரவல் கொடுப்பார். போன வழக்குத் தவணைக்கு வந்த கட்டைபறிச்சான் ஊர்க்காரர் ஒருவர் அதைப் போட்டபடியே ஊருக்குப் போய்விட்டாராம்.

சொல்லி வாய் மூடவில்லை, அந்த மனிதரே வாசலில் வந்து நின்றார். அதே களிசான். துவைத்து, அயர்ன் பண்ணி.

நானா கையை நீட்டி மறித்தார். "கழட்டுங்க!"

"கழட்டுறன் நானா. ஆனா உள்ளுக்குக் கட்டைக் களிசான்தான். இப்ப வழக்குக் கூப்பிடுவாங்கள். பிறகு எதைப் போட்டுக்கொண்டு போறது?"

நீட்டிய கையை நானா மடக்கிக்கொண்டார். பிறகு கேற்றைத் திறந்தார்.

"போங்க. முடிஞ்ச உடன தந்திட்டுத்தான் போகணும்."

மத்தியானம் நான் வெளியே வந்தபோதும் நானா வாசலில் காத்துக்கொண்டுதான் நின்றார். அந்த மனிதர் களிசானோடு பின்பக்கக் கேற்றால் போனதை நான் கண்டேன், நானாவிடம் சொல்லவில்லை.

அதிகாரம் வந்ததும் முதலில் பிடிபடப்போவது அவரா, கண்டும் சொல்லாத நானா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.