மூச்சுக்காரரின் முதல் படம்

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க... ம், விடுங்க." இருபத்தேழு வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி, எக்ஸ்ரே எடுப்பவருக்கு ஆஸ்பத்திரியில் மூச்சுக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மனிதர் லீவு போட்டதே கிடையாது. கடலைப் பார்க்க வேண்டும் என்று மனைவி வாயைத் திறந்தாலே, "ரிட்டயர் ஆகட்டும்டி, மொத்தமா சுத்தலாம். கடல் எங்கே ஓடிடப் போகுது?" என்பார்.

வருஷத்துக்கு ஒருமுறை மெஷினைப் பழுதுபார்த்ததும், முதல் படத்தைத் தன் நெஞ்சில்தான் எடுப்பார். அடுத்தவர் உடம்பு சோதனைக்கு இல்லை என்பது அவர் கட்சி. படத்தின் ஓரங்கள் கூர்மையாக விழுந்திருந்தால் போதும், இழுப்பறையில் போட்டுவிடுவார்.

இன்று காலை அந்தப் படம் தவறுதலாக நோயாளிகளின் படங்களோடு டாக்டர் மேஜைக்குப் போய்விட்டது. டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"பேரே போடலையே, யாருங்க இது? ஆள் வீட்டுக்குப் போறதுக்குள்ள பிடிங்க!"

"பார்த்துச் சொல்றேன் சார்."

மூச்சுக்காரர் கதவைச் சாத்திவிட்டு, பழைய படங்களையும் எடுத்து வெளிச்சப் பெட்டியில் வரிசையாக மாட்டினார். இன்றைய படத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வெள்ளை. போன வருஷம் அது பட்டாணி. அதற்கு முந்திய வருஷம் மிளகு. ஊரார் நெஞ்சையெல்லாம் துருவிப் பார்த்த மனிதர், தன் நெஞ்சில் ஓரத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

வீட்டுக்குப் போன் போட்டார். "பெட்டியைக் கட்டு. இன்னிக்கே கடலுக்குப் போறோம்."



"என்னங்க," என்றாள் மனைவி. "டாக்டர் என்ன சொன்னாரு?"