நீல பில்டிங்குக்குப் பின்னால்

ஷார்ஜாவில் எங்கள் வீட்டுக்கு முகவரி கிடையாது. அந்த நாட்களில் எங்களுக்குத் தெரிந்த யார் வீட்டுக்குமே கிடையாது. கடிதங்கள் கம்பெனியின் தபால் பெட்டி எண்ணுக்கு வரும். ஆள் வருவதென்றால் அடையாளம் சொல்ல வேண்டும். "நீல பில்டிங்குக்குப் பின்னாடி, கிராசரிக்கு மேல, ரெண்டாவது மாடி." இதுதான் நாங்கள் சொன்ன அடையாளம்.

நீல பில்டிங் நீலமாக இருந்தது நான் பேச்சலராக இருந்த காலத்தில். பிறகு யாரோ அதற்குக் காப்பிப்பொடி நிறத்தில் பெயின்ட் அடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. எங்கள் ஊர்க்காரர்களும் பழைய மலையாளிகளும் பதான் டாக்சிக்காரர்களும் அதை நீல பில்டிங் என்றே சொன்னார்கள். அந்தச் சுவரைத் தினமும் இரண்டு முறை கடந்து போன நான், அது நீலமாக இல்லை என்பதை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது அவளுக்கிருந்த சமூகப் பாடப் புத்தகம் அமெரிக்காவில் அச்சடித்த ஒன்று. அதில் ஒரு பாடம், ஏதோ பெருநகரத்தின் ஓரத்தில் இருக்கும் சிற்றூரைப் பற்றியது. முதலில் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு மாவு மில், பிறகு ரயில் நிலையம், ரயிலேறி நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் கட்டிக்கொண்ட வீடுகள். வீட்டுக்கு முன்னால் புல்வெளி, தெருவுக்குத் தெரு பெயர்ப் பலகை. பாடத்தின் கடைசியில், உங்கள் பகுதியின் வரலாற்றையும் புவியியலையும் இரண்டு பக்கம் எழுதி வரைபடத்தோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

"வாப்பா, நம்ம ஏரியாவ யாரு ஃபவுண்ட் பண்ணுனது?"

"யாரும் பண்ணல. நாங்கதான் ஒவ்வொருத்தரா வந்து சேர்ந்தோம்."

"தட்ஸ் நாட் ஹிஸ்டரி வாப்பா."

அடுப்படியிலிருந்து அவளுடைய உம்மாவின் குரல் வந்தது. "கேட்டுட்டியா? இனி உன் வாப்பா வாய மூட மாட்டாங்க."

மூடவில்லைதான். இரண்டு நாள் சாயங்காலம் சொல்லிக்கொண்டே இருந்தேன். எங்களுக்கும் நகரம் ஒன்று இருந்தது. துபாய். வாடகைக்குப் பயந்து ஷார்ஜாவில் குடியிருந்து, விடியும் முன்பே துபாய்க்கு வேலைக்குக் கிளம்பியவர்களால் நிறைந்த ஊர் இது. ஆறு கிடையாது. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை மழை பெய்தால் ஒரு வாரத்துக்கு ஏரி உண்டு. கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி கம்பெனி வண்டிக்கு நடப்போம். தரைக்கடியில் உப்பு. சுவர்களில் இடுப்புயரத்துக்கு அது பூத்து நிற்கும், சுரண்டினால் மாவாய்க் கொட்டும். கிரிக்கெட் ஆடிய மணல் மைதானம், எட்டுப் பேர் தங்கியிருந்த அறை, ஊருக்குப் பேசக் காசு போடும் டெலிபோன் கூண்டு, நாங்கள் பஸ் இறங்கிய தண்ணி டேங்க் ஸ்டாப். எல்லாவற்றையும் ஒரு டெலிவரி நோட்டின் பின்பக்கத்தில் வரைந்து கொடுத்தேன். தண்ணி டேங்க்கை மட்டும் நான்கு கால்களோடும் ஏணியோடும் பார்த்துப் பார்த்து வரைந்தேன். முதன்முதலாக வந்து இறங்கிய அன்று, "அந்த டேங்க்கப் பாத்து நட, தொலைஞ்சு போக மாட்டே" என்று ஒரு ஊர்க்காரர் எனக்குச் சொல்லியிருந்தார்.

அந்த வாரத்தில் ஒரு பள்ளி விடுமுறை நாள். எனக்கு டியூட்டி. சனையா என்று எல்லோரும் சொல்லும் தொழில்பேட்டையில், வண்டி உதிரிப்பாகக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். நாலு மணி வாக்கில் மனைவியின் போன்.

"புள்ள கிராசரிக்குப் போறேன்னு போனா. ஒரு மணி நேரமாச்சுங்க. கேமராவையும் காணோம். நீங்க வரைஞ்ச தாளையும் காணோம்."

உடன் வேலை செய்பவரின் காரில் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் போன் அடித்தேன். அவளுடைய தோழி வீடு, குர்ஆன் சொல்லிக்கொடுக்கும் ஆலிமா வீடு, ஊர்க்காரர்கள். ஒருவரும் பார்க்கவில்லை. கிராசரியில் இருந்த மலையாளி, வந்து எட்டு மாதமே ஆனவர், ஒன்றும் நடக்காததுபோலச் சொன்னார்.

"மோளு வந்து கேட்டா இக்கா, தண்ணி டேங்க் எவிட என்னு. ஞான் பறஞ்சு கொடுத்து."

"எந்த டேங்க்?"

"மெயின் ரோட்டுக்கு அப்பறம் உள்ளது. வேற ஏது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வரைந்த தண்ணி டேங்க் இடிக்கப்பட்டு ஆறு வருடம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. புதிதாக வந்தவர்களுக்குத் தண்ணி டேங்க் என்றால் ஒன்றுதான், சாலைக்கு அந்தப் பக்கம், சனையாவின் ஓரத்தில் நிற்பது. நடுவில் ஆறு வழிச்சாலை. நடந்து கடக்கப் பாலம் கிடையாது.

ஓடினேன். சாலையோரத்தில் போய் நின்றதும் நான் எதிர்ப்பக்கத்தைப் பார்க்கவில்லை. சாலையின் மேல்தான் பார்த்தேன். என்ன தேடினேன் என்பதை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சாலையில் ஒன்றும் கிடக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் வரிசையாக டயர் கடைகள். மூன்றாவது கடையின் வாசல் நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் மோர் டப்பா. அவளிடமிருந்து ஆறடி தள்ளி, வெயிலில், கழுத்திலிருந்து கால்வரை ஒரே உடுப்பான நீல 'கவரால்' போட்ட ஒருவர் நின்றிருந்தார்.

வண்டிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து நான் நெருங்கியதும் கையை நீட்டி மறித்தார். "இருங்கண்ணே. பாப்பா, யாரு இவரு?"

"மை வாப்பா" என்றாள் அவள், அழுதுகொண்டே.

கை இறங்கியது. "கோச்சுக்காதீங்க. கேக்காம உடக்கூடாது இல்ல. அரை மணி நேரமா நான் தமிழ்ல கேக்குறேன், பாப்பா இங்கிலீஷ்ல அழுவுது."

"என் நம்பரச் சொல்லியிருப்பாளே?"

"கரெக்டாதான் சொல்லுச்சு. இருவது தடவ அடிச்சிட்டேன். பிஸி, பிஸின்னே வருது. யாருகிட்டண்ணே அவ்ளோ நேரம் பேசுனீங்க?"

அவ்வளவு நேரமும் என் மகள் எங்கே என்று ஊரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சரி, வூட்டுலயே உட்டுரலாம்னு எங்கன்னு கேட்டேன். நீல பில்டிங்குன்னுச்சு. இந்த ஏரியாவுல நீலம்னா எங்க கவராலுதான்."

உள்ளே டயர் கழற்றிக்கொண்டிருந்தவன் சிரித்தான். அழுகைக்கு நடுவில் மகளும் சிரித்துவிட்டாள். அவர் விழுப்புரம் பக்கத்து ஆள், சைட்டில் கம்பி கட்டுகிறவர், டியூட்டி முடிந்து கேம்ப்புக்குப் போகிற வழி. நிழலில் வந்து நில்லுங்கள் என்றேன்.

"பொம்பளப்புள்ள. பக்கத்துல நின்னா பாக்குறவன் ஒண்ணு சொல்லுவான். ரொம்பத் தள்ளி நின்னா புள்ள பயப்புடும். அதான் இந்த அளவு" என்றார், தரையைக் காட்டி.

அவள் எப்படிச் சாலையைக் கடந்தாள் என்று கேட்டேன். மூன்று பாகிஸ்தானிகள் கடந்தபோது அவர்கள் பின்னாலேயே ஓடி வந்தாளாம். இதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. திரும்பும்போது அவளை அந்தச் சாலையில் நடக்க விடவில்லை, டாக்சியை நிறுத்தினேன்.

டாக்சியில் அவள் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"வாப்பா, யுவர் மேப் இஸ் ராங்."

"ராங் இல்லம்மா. பழசு."

"பழசுன்னா பழசுன்னு எழுதணும்ல?"

அதைத்தான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஊரைத்தான் வரைந்தேன். அந்த ஊர் எனக்குத் துல்லியமாக நினைவிருந்தது, ஏணியின் படிகள் வரை. அதை நம்பி ஒன்பது வயதுப் பிள்ளை நடந்து போவாள் என்று மட்டும் தோன்றவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மூன்று பேருமாக நடந்தோம். நான் பழைய பெயரைச் சொன்னேன். அவள் எதிரில் இருப்பதைப் பார்த்து எழுதினாள். மணல் மைதானம், அடைப்புக்குறிக்குள் பர்னிச்சர் கடை. தண்ணி டேங்க், அடைப்புக்குறிக்குள் பார்க்கிங். டெலிபோன் கூண்டு இருந்த இடத்துக்கு எதிரில் என்ன எழுதுவதென்று தெரியாமல் "நத்திங்" என்று எழுதினாள். அவளுடைய உம்மா அந்த நடை முழுக்க அவள் கையை விடவேயில்லை. எழுதும்போதுகூட, இடது கையை.

எனக்கு அதிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. போனில் யாரிடமும் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. ஊரில் எனக்குத் திமிர் பிடித்தவன் என்று பெயர். கல்யாணத்துக்கு அழைப்பவர்களிடம்கூட, சரி, இன்ஷா அல்லாஹ், வச்சிடறேன், அவ்வளவுதான். மகள் இப்போது வேறு நாட்டில் வேலை பார்க்கிறாள். கூப்பிட்டால், "வாப்பா, லைன் காலியா இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பாள். சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அவள் பேச்சை இழுத்துக்கொண்டு போனால் மட்டும், அவளிடமே, சரிம்மா வச்சிடறேன் என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.