சத்தமில்லாத நல்வரவு

தாராவியில் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவன் நான். இலவச இயங்குதளம் ஒன்றின் சோதனைப் பதிப்பை, வெளியீட்டுக்கு முன்பே போட்டுப் பார்த்துக் குறைகளை எழுதி அனுப்புவது என் பொழுதுபோக்கு. அந்த முறை, "ஒரு குறையும் இல்லை" என்று பெருமையாக அனுப்பியிருந்தேன்.

பார்வையற்ற நண்பர் செல்வராஜ் லேப்டாப்போடு வந்தார். "சலோ அண்ணாச்சி, எனக்கும் அதையே குடுங்க. நானே போட்டுப் பாக்கேன்."

பென்டிரைவைச் செருகிக் கொடுத்தேன். திரையில் பெரிதாக 'நல்வரவு' வந்தது. அவர் கீபோர்டில் விரல்களை வைத்தபடி காத்திருந்தார். வெகுநேரம் கழித்துக் கேட்டார்: "இன்னும் ஆரம்பிக்கலையா அண்ணாச்சி?"

திரையைப் படித்துச் சொல்ல வேண்டிய குரல் வரவே இல்லை. அதைச் சோதிக்க எனக்குத் தோன்றியதும் இல்லை.

குறையை இருவருமாக எழுதி அனுப்பினோம். இப்போதெல்லாம் எந்தப் பதிப்பு வந்தாலும், முதலில் திரையை அணைத்துவிட்டுத்தான் சோதிக்க உட்காருகிறேன்.