சிவப்பு வாளி

கணவர் புதுச் சிவப்பு வாளி வாங்கி வந்தார். அந்தப் பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதுமே இரண்டடி பின்னால் போய் நின்றேன்.

சாணார்பட்டிப் பக்கம் நான் வளர்ந்த ஆதரவற்றோர் இல்லத்தில், பதினெட்டு முடிந்து வெளியேறும் பெண்ணுக்குச் சிவப்பு வாளியில் சோப்பும் துண்டும் இரண்டு சுடிதாரும் வைத்துக் கொடுப்பார்கள். அலுவலக வாசலில் வாளியைக் கண்டாலே இந்த முறை யாருக்கு என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். எங்களில் மூத்த செல்வியக்கா வாளியோடு வெளியேறி ஒரு வாரம் கழித்து, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அதே வாளியை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“எங்கக்கா தங்கியிருக்கீங்க?”

“இங்கனதான்” என்றாள்.

அடுத்த வாளி எனக்கு.

“யாருக்குங்க இது?” என்று கணவரிடம் கேட்டேன்.

“நமக்குத்தான். பழசு ஒழுகுதுல்ல.”

உடனே அதைக் குழாயடியில் வைத்து விளிம்புவரை நிரப்பினேன். தண்ணீர் நிறைந்த வாளியைக் கையில் கொடுத்து யாரையும் வெளியே அனுப்ப மாட்டார்கள்.