நான் கழற்றி வைத்த ட்ரிப் சுவிட்ச்

சமையல் கேஸுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம், நோன்பு மாதத்தில் நடந்தது இது. இடம், கல்முனையில் என் மூத்த மகளின் வீடு. எங்கள் ஊர் வழக்கப்படி அவளுடைய கல்யாணத்துக்கு நான் கட்டிக் கொடுத்த வீடு. அத்திவாரம் முதல் ஓடு வரை பக்கத்தில் நின்று கட்டுவித்தேன். வயரிங்கில் பாதி என் கை வேலை.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன் பெட்டி சுமந்தேன். பிறகு மருதமுனைத் தறியில் நெய்த லுங்கிச் சாரன்களைச் சைக்கிளில் கட்டி ஊர் ஊராக விற்றேன். இன்று பஸாரில் எனக்கு இரண்டு ஹாட்வெயார் கடைகள். படித்த பெரிய மனிதர்களும் எந்தச் சீமெந்து நல்லது என்று என்னிடம்தான் கேட்டுவிட்டுப் போவார்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, பெருமைதான்.

கேஸ் இல்லாமல் போனதும் மகளுக்கு ஒரு கரண்ட் அடுப்பு வாங்கிக் கொடுத்தேன். கரண்டும் நினைத்த நேரத்துக்கு இராது. அது இருக்கிற கொஞ்ச நேரத்துக்குள் நோன்புக் கஞ்சியும் காய்ச்சி, சோறும் ஆக்கி முடிக்க வேண்டும். கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தால் போதும், ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடு முழுக்கக் கரண்ட் நின்றுவிடும். துடைத்துக் காயவைத்துப் போட்டால் மறுபடியும் விழும். இரண்டு நாட்கள் நோன்பு திறக்கும் பாங்கு சொல்லியும் கஞ்சி வேகவில்லை. பேரப்பிள்ளைகள் பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்துவிட்டுப் பானையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

மருமகன் மெதுவாகச் சொன்னார், "மாமா, வயரிங் தெரிஞ்ச ஒராளக் கூப்பிட்டுக் காட்டுவமே."

"இந்த ஊட்டுக்கு நான் வயர் இழுக்கக்குள்ள நீங்க எங்க இருந்தீங்க மருமகன்?" என்று கேட்டேன்.

மறுநாள் மெயின் சுவிட்சை நிறுத்தி, ட்ரிப் சுவிட்சைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் வயரை நேராகச் சேர்த்து டேப் சுற்றினேன். அன்று கஞ்சி நேரத்துக்கு வெந்தது. ஒரு கிழமையாகப் பள்ளிவாசலிலும் கடையிலும் இதே கதையைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்படி ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மகளின் வீட்டு விறாந்தையில் இருந்தபோது மீட்டர் பார்க்க ஒருவர் வந்தார். தெற்கே தம்பிலுவில் என்ற தமிழ் ஊர்க்காரர், முப்பது வயதிருக்கும். மீட்டரைப் பார்த்த கையோடு அவர் கண் பக்கத்துப் பெட்டிக்குப் போனது.

"காக்கா, ட்ரிப் சுவிச் எங்க?" என்றார். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கழட்டிட்டன். பெரிய தொல்லை."

"அப்பிடிச் செய்யப்படாது காக்கா. கரண்ட் கசிஞ்சா ஆளத் தாக்காமத்தான் அது விழுறது. உங்கட நன்மைக்குத்தான்."

"தம்பி, மீட்டர் பாக்க வந்தீங்களா, எனக்கு வகுப்பெடுக்க வந்தீங்களா?"

அவர் சிரித்துவிட்டு பில் எழுதத் தொடங்கினார். அப்போதுதான் குசினி அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறல்கூட இல்லை, தொண்டையில் அடைத்த மாதிரி ஒரு முனகல். ஓடினேன். கஞ்சி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. கழுவிய ஈரத் தரையில் மகள் வெறுங்காலோடு நின்றாள். பானையின் பிடியைப் பிடித்த கை விடவில்லை, உடம்பு நடுங்கியது. கண் மட்டும் என்னைப் பார்த்தது.

இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அவளை இழுக்கப் போனேன். ஒரு சாண் தூரம்தான். பின்னால் ஓடிவந்த அந்தத் தம்பி என் நெஞ்சில் கை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். "தொடாதீங்க காக்கா!" சுவரில் மோதி விழுந்தேன். நான் எழும்புவதற்குள் அவர் விறாந்தைக்கு ஓடி மெயினை நிறுத்திவிட்டார். மகள் அப்படியே சரிந்தாள்.

அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியதும் அவர்தான். உள்ளங்கையில் தீக்காயம், ஆஸ்பத்திரியில் இரண்டு நாட்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஊருக்கே புத்தி சொல்கிற நான் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தூணோரமாக நின்றேன். அவர்தான் கிட்ட வந்தார். "காக்கா, வயசான ஆளத் தள்ளிப்போட்டன். கோவிக்காதீங்க" என்றார். என் மகளையும் என்னையும் காப்பாற்றியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றார்.

மருமகன் வயரிங்காரரைக் கூட்டி வந்து புது ட்ரிப் சுவிட்ச் பூட்டினார். நான் ஒதுங்கி நின்று டோர்ச் பிடித்தேன். அடுத்த மாதம் அந்தத் தம்பி வந்ததும் முதலில் அந்தப் பெட்டியைத்தான் பார்த்தார். எவ்வளவோ சொல்ல நினைத்திருந்தேன். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

இப்போது கேஸ் வந்துவிட்டது. ஆனாலும் மகள் சில நாட்களில் கரண்ட் அடுப்பைப் போடுவாள். ட்ரிப் விழுந்து சோறு அரை வேக்காட்டில் நிற்கும்போது வீட்டில் எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். எனக்கு மட்டும் அந்தத் தம்பியின் கை இன்னொரு தரம் என் நெஞ்சைத் தொட்டு, என்னைத் தள்ளி நிறுத்தியது போல இருக்கும்.