ஹில்யாவின் அறைக்கு மேல் பனி நிற்கவில்லை

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கூரையைப் பார்த்தால் போதும். பனி ஒரே சீராக, வெள்ளையாக நின்றால் வீட்டுச் சூடு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எங்காவது கரைந்து கறுப்பாகத் தெரிந்தால் அங்கே சூடு கசிகிறது. கரைந்த தண்ணீர் வழிந்து வந்து, சில்லென்று கிடக்கும் இறவாரத்தில் மறுபடி உறைந்து, வரப்புக் கட்டிவிடும். பின்னால் வருகிற தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் ஓட்டுக்கடியில் ஏறி, சுவர் வழியாக வீட்டுக்குள் இறங்கும். சுப்பீரியர் ஏரிக்கரையில் குளிர்காலம் பாதி வருஷம். அவ்வளவு காலமும் எங்களுக்கு ஊர்வம்பே கூரைதான்.

எதிர் வீட்டு வெய்க்கோ ரௌத்தியோவின் கூரையில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. மர ஆலையில் வேலை பார்த்தவன். கூரைக்கடியில் சந்து பொந்து விடாமல் அடைத்து, பஞ்சு பரப்பி, இறவாரத்தில் காற்று புக வழி வைத்திருந்தான். இதெல்லாம் போக, மாடி அறையில் சூடு போடவே மாட்டான். எங்கள் ஊர் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான், படுக்கையறை குளிர்ந்து கிடந்தால்தான் தூக்கம் வரும். ஆனால் இவன் ரொம்ப அதிகம். மாடியில் வைத்த தண்ணீர் காலையில் பனி ஏடு கட்டியிருக்கும் என்று அவன் மனைவி ஹில்யாவே சொல்லிச் சிரிப்பாள்.

என் வீட்டு இறவாரத்தில் பனி ஊசிகள் தொங்கினால் வெய்க்கோ வந்து நின்றுகொள்வான்.

"லெம்பி, உன் வீட்டுக்குப் பல்லு மொளைச்சிருக்கே. யாரக் கடிக்கப் போவுது?"

"உன்னத்தான். வா கிட்ட."

பனி தள்ளும் வண்டி ஓட்டும் சூலோ வண்டியை நிறுத்தி இதைக் கேட்டுவிட்டுத்தான் போவான். கடைசியில் வெய்க்கோவே கம்பை எடுத்து வந்து என் கூரைப் பனியை வாரி இறக்கிக் கொடுப்பான். ஹில்யா என் வாசலில் நின்று, "அவனுக்குக் கூரைன்னா உசிரு. நான் வெள்ளையா தலைமேல பனியோட நின்னாத்தான் என்னைத் திரும்பிப் பாப்பான்" என்பாள். கையில் ஏலக்காய் ரொட்டி இருக்கும். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவள், வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போக மாட்டாள்.

அந்த ஹில்யாவுக்குத்தான் வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். கீழே கூடத்தில் அடுப்போரமாகக் கட்டில் போடுகிறேன் என்று வெய்க்கோ சொன்னான். அவளோ மாடி ஜன்னலிலிருந்து ஏரி தெரிய வேண்டும் என்றாள். உடம்பில் சதையே இல்லை, எத்தனை போர்த்தினாலும் நடுங்கினாள். வெய்க்கோ கடைக்குப் போய் ஹீட்டர் வாங்கி வந்து மாடியில் வைத்தான்.

கொஞ்ச நாளில் அந்த அறைக்கு மேலே பனி நிற்கவில்லை. வெள்ளைக் கூரையில் கறுப்பாக ஒரு திட்டு. இறவாரத்தில் பனி வரப்பு, அதிலிருந்து என் கை பருமனுக்கு ஊசிகள். தெருவில் ஒருவரும் பல்லைப் பற்றிப் பேசவில்லை. சூலோகூட வண்டியை நிறுத்தாமல் போனான்.

கோடரியால் வரப்பை வெட்டினால் ஓடு உடையும். அதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. பழைய நைலான் காலுறையில் பனி உருக்கும் உப்பை நிரப்பி, வரப்பின் மேல் குறுக்கே போட்டுவிட வேண்டும். உப்பு இறங்கி வாய்க்கால் மாதிரி அறுத்துக் கொடுக்கும், தேங்கின தண்ணீர் வடிந்துவிடும். வெய்க்கோ காலுறை கேட்டு என் வீட்டுக்குக் கிளம்பியபோது ஹில்யாதான் தடுத்தாள்.

"என்னோடத எடுத்துக்க. எனக்கு இனிமே எதுக்கு? கூரையாவது போட்டு நடக்கட்டும்."

ஏணி வைத்துப் போட்டான். இரண்டு கால்கள் ஜன்னலுக்கு வெளியே தொங்கின. நான் பார்க்கப் போனபோது அவள் அதைக் காட்டினாள்.

"பாத்தியா லெம்பி? எனக்கு முன்னாடி என் காலு கெளம்பிருச்சு."

நான் சிரித்துவிட்டேன். படி இறங்கி வரும்போது அழுதேன்.

ஜனவரி முடிவதற்குள் போய்விட்டாள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் குளிர்காலத்தில் செத்தவர்களை உடனே புதைக்க முடியாது. மண் பாறையாகக் கிடக்கும். கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு கல்கட்டடம் இருக்கிறது, பெட்டியை அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டு மே மாதம் வரை காத்திருக்க வேண்டும். அவள் பெட்டியை வைத்துப் பூட்டிய அன்று வெய்க்கோ அந்த இரும்புக் கதவில் கையை வைத்துப் பார்த்தான். குளிரில் கை ஒட்டிக்கொள்ளப் பார்த்தது, நான்தான் இழுத்துவிட்டேன்.

அதற்கப்புறமும் அவன் கூரையில் அந்தக் கறுப்புத் திட்டு போகவில்லை. காலுறைகளைக் காணோம். வரப்பு மட்டும் நாளுக்கு நாள் தடித்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, என் காலுறைகளில் உப்பை நிரப்பிக்கொண்டு போனேன். மாடி அறை திறந்திருந்தது. ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் ஹில்யாவின் காலுறைகள், துவைத்துக் காயப் போட்டபடி.

"வெய்க்கோ, யாருக்கு இந்தச் சூடு?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

ஹீட்டர் பக்கத்தில் நின்றிருந்தவன் காலுறைகளைத் திருப்பிப் போட்டான்.

"அவ அங்க குளிர்ல கெடக்கா லெம்பி. மண்ணுக்குள்ள போனாலாவது கதகதப்பு இருக்கும். அதுவும் இல்ல. இங்கயாவது சூடா இருக்கட்டுமே."

கூரையைப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்தவனுக்கு நான் என்ன சொல்வது? காலுறைகளை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் அவற்றைப் போடவேயில்லை.

மார்ச் மாதம் ஒரு காலையில் என் கதவைத் தட்டினான். "கொஞ்சம் வாயேன்" என்றான், அவ்வளவுதான். மாடியில் சுவர் பூராவும் நனைந்து, ஹில்யா ஒட்டின நீலப்பூக் காகிதம் உரிந்து தொங்கியது. மேலே பலகை உப்பிக்கொண்டு, பழுப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கட்டிலில் விழுந்தது. அவள் படுத்த பக்கத்தில், அவள் தலையணையில்.

இருவருமாகக் கட்டிலை இழுத்தோம். தலையணையை எடுத்து அவன் பிழிந்தான். பிழிந்துவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"நானே நாசம் பண்ணிட்டேன்."

"அணைச்சிடுப்பா" என்றேன். "இல்லன்னா கூரையே இறங்கிடும். அப்புறம் அவ இருந்த எடமே இருக்காது."

"குளிருமே."

"குளிரட்டும் வெய்க்கோ. அவளுக்கு இப்ப குளிராது."

அவன் குனிந்து ஹீட்டரை அணைத்தான். தகடு ஆறுவது டக் டக்கென்று கேட்டது. பிறகு ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டான். ஏரிக்காற்று உள்ளே வந்தது. உலர்ந்திருந்த பெரிய போர்வையை எடுத்து வெறும் கட்டிலின்மேல் விரித்து, ஓரங்களை உள்ளே செருகினான், ஆள் படுத்திருந்தால் செருகுவதுபோல. நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வாரமே பெரிய பனி பெய்தது. காலையில் வாசலைச் சுத்தம் செய்ய வந்தேன். எதிரே வெய்க்கோ மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து நின்றான். அவன் கூரை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே வெள்ளை. கறுப்புத் திட்டு இருந்த இடமே தெரியவில்லை. அத்தனை அழகான கூரையை அந்தக் குளிர்காலத்தில் தெருவில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சூலோ வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினான். பாவம், ஹீட்டர் யாருக்காக எரிந்தது என்று அவனுக்குத் தெரியாது. நல்ல வார்த்தை சொல்லத்தான் நினைத்தான்.

"அடேங்கப்பா, சரி பண்ணிட்ட போலிருக்கே. பழைய வெய்க்கோ வந்துட்டான்."

"ஆமா," என்றான் வெய்க்கோ. "இனிமே ஒழுகாது."