அஞ்சு புளியங்கொட்டை

எங்கால ஒடச்சது புலின்னு சொல்லிக்கினு திரியறேன். பொய்ங்க, எங்க வூட்டு ஆடுதான் முட்டித் தள்ளிச்சு.

இடஒதுக்கீடு கேட்டு மரத்த வெட்டி ரோட்ட மறிச்ச வருஷம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரில கெடந்தேன். பஸ்ஸே ஓடல. மலைமேல வூட்ல இருந்த பொண்டாட்டிக்கு, தூக்கியாந்தப்பறம் நான் இருக்கனா செத்தனான்னே தெரியாது.

டாக்டருங்க நோயாளிய எப்டி நடத்தறாங்கன்னு விசாரிக்க ஒரு கண்ணாடிக்காரம்மா வந்தாங்க. எப்பவும் தரையில ஒக்காந்து, நம்மள அண்ணாந்து பாத்துதான் பேசுவாங்க.

"டாக்டரு அன்பா பேசனாருன்னா அஞ்சு புளியங்கொட்டை போடுங்க. இல்லன்னா கம்மியா போடுங்க."

டாக்டரு தொரத்திடுவாருன்னு பயந்து அஞ்சையும் டப்பால போட்டேன்.

"வூட்ல யார் இருக்காங்கன்னு கேட்டாருங்களா?"

"இல்லம்மா."

"அப்ப இன்னாத்துக்கு அஞ்சு? சரி, நான் கேக்கறேன். யாருங்க இருக்காங்க?"

அழுதுட்டேன். மலைக்கு நடந்து போற ஆளுகிட்ட அவங்கதான் சேதி சொல்லி வுட்டாங்க. பொண்டாட்டி நடந்தே வந்துட்டா. இப்பவும் புளியங்கொட்டையப் பாத்தா அந்தம்மா மொகந்தான். அஞ்சையும் அவங்களுக்கே போடலாம்னு அன்னிக்கே தேடனேன், அதுக்குள்ள அவங்க ஊருக்குக் கெளம்பி...

"யோவ், இன்னும் அந்தக் கதையா? ஆடு அவுத்துக்கினு ஓடுது, வாய்யா!"

நடந்தே வந்தாளே, அவதாங்க.